தையல் பிரித்த பிறகு

பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் ஓர் ஊசி வருகிறது. பரணர் செங்குட்டுவனைப் பாடிய பத்து அது. பாட்டின் எண் 42. குளிர்ந்த குளத்தின்மேல் மீன் தேடிச் சுற்றும் சிரல் பறவை சட்டென்று நீரில் மூழ்கி, மூழ்கிய வேகத்திலேயே மேலெழுகிறது. அதுபோலப் போர்வீரனின் கிழிந்த மார்பில் நீண்ட வெள்ளை ஊசி இறங்கி ஏறுகிறது. சிரல் என்பது மீன்கொத்தி. நம் பக்கத்தில் சிச்சிலி என்பார்கள். புண்ணைத் தைக்கும் கருவிக்கு மீன் பிடிக்கும் பறவையை உவமையாக்கத் தோன்றிய அந்த மனத்தை எண்ணி நான் பலமுறை வியந்ததுண்டு. வகுப்பில் இந்த இடம் வரும்போது குரலைச் சற்று உயர்த்திக்கொள்வதும் என் வழக்கம்.

ஒருமுறை கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்: "தச்ச பிறகு அந்த ஆளு என்ன ஐயா ஆனாரு?" வகுப்பு சிரித்தது. விழுப்புண்ணின் பெருமையைச் சொல்லி, புண்படாத நாள்களை வீரன் வீண் நாள்களாக எண்ணுவான் என்ற குறளின் கருத்தையும் சொல்லி, நான் தப்பித்துக்கொண்டேன். அது பதிலாகாது என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது, எனக்கும் தெரிந்திருந்தது.

நம் பழம்பாடல்கள் காயம்பட்டவனைக் கைவிட்டுவிடவில்லை. நெடுநல்வாடையின் இறுதியில், வாடைக்காற்றும் தூறலும் வீசும் நள்ளிரவில், விளக்குச் சுடர் சாய்ந்தாட, பாண்டியன் பாசறையில் நடந்து புண்பட்டவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கிறான். முன்னே செல்பவன் இன்னார் இன்னார் என்று காட்டிக்கொண்டே போகிறான். புறநானூறு 281ஆம் பாட்டில் அரிசில்கிழார் காட்டும் வீட்டில் இரவமும் வேம்பும் செருகியிருக்கின்றன, யாழ் ஒலிக்கிறது, வெண்சிறுகடுகு தூவி, ஆம்பற்குழல் ஊதி, மணி ஒலித்து, காஞ்சி பாடி, நறும்புகை எழுப்பிக் காயம்பட்டவனை மனைவி காக்கிறாள். இதற்கென்றே தொடாக்காஞ்சி என்று ஒரு துறையைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. செத்தவனுக்கு நடுகல் உண்டு, பெயரும் பீடும் எழுதிப் பீலி சூட்டுவார்கள். அந்த முதல் இரவுக்கும் இந்தக் கல்லுக்கும் இடையில், ஒரு கை இல்லாமல் முப்பது நாற்பது ஆண்டுகள் வாழ்ந்து தீர்க்கவேண்டியவனுக்குத் துறை எதுவும் எனக்குத் தென்படவில்லை. மாணவன் கேட்டது அந்த இடைவெளியைத்தான்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தக் கேள்வி அந்நியமானதன்று. இங்கே பழைய ராணுவத்தாரைச் 'சொல்தா' என்று அழைத்தோம். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 'சொல்தாது' என்று வருகிற அதே பிரெஞ்சுச் சொல், தேய்ந்து தேய்ந்து தெருவுக்கு வந்துவிட்டது. முதல் உலகப் போருக்குப் போனவர்கள், இந்தோசீனாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போனவர்கள், பிராங்கில் ஓய்வூதியம் வாங்கியவர்கள் என்று ஒவ்வொரு தெருவிலும் ஒரு வீடாவது இருந்தது. கடற்கரைச் சாலையில் 1938இல் திறக்கப்பட்ட போர் நினைவுச் சின்னத்தில் தலைகுனிந்து நிற்கும் வெண்கல வீரனை எல்லோருக்கும் தெரியும். ஆண்டுதோறும் ஜூலை 14 அன்று பதக்கங்களை அணிந்த முதியவர்கள் அங்கே மலர் வைப்பார்கள். வரிசை ஆண்டுக்கு ஆண்டு குறுகிக்கொண்டே வந்தது. அன்று மட்டும் நாம் அவர்களைப் படம் எடுத்தோம். மறுநாள் காலை பத்து மணிக்கு அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று யாரும் கேட்டதாக நினைவில்லை.

என் தாய்மாமன் சொல்தா அல்லர், இந்தியத் தரைப்படைக்காரர். 1987 ஜூலை ஒப்பந்தத்துக்குப் பிறகு அமைதிப்படையோடு இலங்கைக்குப் போனார். 1988இல் வடக்கில் ஒரு கண்ணிவெடியில் இடது கை முழங்கைக்குக் கீழே போயிற்று. அந்தப் படை 1990 மார்ச்சில் திரும்பிவந்தபோது அன்றைய தமிழக முதல்வர் மு. கருணாநிதி சென்னையில் நடந்த வரவேற்புக்குச் செல்லவில்லை. அதன் அரசியலை நான் இங்கே விவாதிக்கப் போவதில்லை. ஈழத்து மக்கள் அந்தப் படையின் கையில் பட்டதை நானும் படித்திருக்கிறேன், படித்தவற்றை மறுக்கமாட்டேன். ஆனால் தமிழனாகப் பிறந்து, தமிழர் மண்ணில் சண்டையிட அனுப்பப்பட்டு, கையைக் கொடுத்துவிட்டு, ஊருக்கு வந்தால் அதைப் பற்றிப் பேச வாயில்லாமல் போன ஒரு மனிதர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வெற்றிக் கதை உள்ளவனுக்காவது கேட்க நாலுபேர் கிடைப்பார்கள். அவருக்கு அதுவும் இல்லை. செயற்கைக் கை ஒன்று கொடுத்தார்கள். அது இன்றும் பீரோவில், துணி சுற்றியபடி இருக்கிறது.

அவர் பட்டாளத்துக்குப் போகுமுன் பாகூர் ஏரிக்கரையில் தூண்டில் போட என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனதாக அம்மா சொல்வாள். திரும்பி வந்தபின் அவர் தூண்டிலைத் தொடவில்லை. மனம் விட்டுப்போயிற்று என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். காரணம் அதைவிட எளிமையானது என்று முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அமெரிக்காவில், அப்போது வாஷிங்டனில் இருந்த வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில், எட் நிக்கல்சன் என்ற ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி சிகிச்சைக்காகத் தங்கியிருந்தார். ஈராக்கிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் கை கால் இழந்து வந்த இளைஞர்கள் அங்கே நிறைந்திருந்தார்கள். நிக்கல்சனுக்குத் தூண்டிலில் பித்து உண்டு. 2005இல் அவர் சிலரைச் சேர்த்துக்கொண்டு இந்த இளைஞர்களுக்கு ஈத்தூண்டில் வீசக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். 'புராஜெக்ட் ஹீலிங் வாட்டர்ஸ்' என்ற பெயரில் அது நாடு முழுவதும் பரவியது. தூண்டில் வீசுவது, செயற்கை ஈ கட்டுவது, தூண்டிற்கழி செய்வது எல்லாம் பாடங்கள். கட்டணம் கிடையாது, சொல்லிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் தொண்டர்கள்.

ஈத்தூண்டில் என்ற சொல்லை நானே கூட்டிக்கொண்டேன், வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மற்றத் தூண்டில்களில் நுனியில் ஈயக்குண்டு இருக்கும். குண்டு பறக்கும், நரம்பு பின்னால் இழுபடும். இதில் கதை தலைகீழ். நுனியில் இருப்பது கொக்கியைச் சுற்றி இறகும் நூலும் மயிரும் கட்டிய ஒரு பொய்ப்பூச்சி. அதற்கு எடையே இல்லை. எடை நரம்பில் இருக்கிறது. கழியைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினால் நரம்பு காற்றில் சுருண்டு விரியும். அது விரிந்து முடியும்வரை காத்திருந்து முன்னே தள்ள வேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் சிக்கலாகித் தலைமேல் விழும். தோள்வலிமை பெரிதாகத் தேவையில்லை. காத்திருக்கத் தெரிய வேண்டும், தாளம் தெரிய வேண்டும். உடல் பாதி போனவர்களுக்கு இந்த விளையாட்டு ஏன் ஒத்துவந்தது என்பதற்கு எனக்குப் புரிந்த முதல் காரணம் இது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தும் இதைச் செய்யலாம். நீருக்கு அருகே உட்காருவதால் பின்னால் போகும் நரம்பு தரையில் படாதபடி கழியை நீளமாக்கிக்கொண்டால் போதும்.

நம் ஆட்களுக்கு இது வெள்ளைக்காரன் சமாசாரமாகத் தோன்றும். ரோமானிய எழுத்தாளர் ஏலியன் கி.பி. 200ஐ ஒட்டியே மாசிடோனியாக்காரர்கள் கொக்கியில் சிவப்புக் கம்பளி சுற்றிச் சேவல் இறகு இரண்டு கட்டி மீன் பிடித்ததை எழுதியிருக்கிறார். நம் சங்கப் புலவர்களின் காலத்தை ஒட்டிய செய்தி. நம் மண்ணுக்கு அது வந்தது ஆங்கிலேய அதிகாரிகளோடுதான். சென்னை மாகாணத்து சிவில் அதிகாரி எச்.எஸ். தாமஸ் 1873இல் இந்தியத் தூண்டில் பற்றித் தனி நூலே எழுதினார். நீலகிரியின் ஓடைகளில் டிரவுட் மீனை வளர்க்க அவர்கள் பல பத்தாண்டுகள் முயன்று, கடைசியில் 1907இல் அவலாஞ்சியில் குஞ்சுபொரிப்பகம் அமைத்தார்கள். ஊரில் மீனே இல்லாததுபோல் கப்பலில் மீன்முட்டை கொண்டுவந்த கூட்டம் அது.

ஆனால் ஒரு வேடிக்கை. ஈ கட்டுவோர் உலகம் முழுவதும் தலையில் வைத்துக் கொண்டாடும் இறகு நம்முடைய கானக்கோழியின் இறகு. தென்னிந்தியக் காடுகளின் சாம்பல்நிறக் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகில் மெழுகு பூசினாற்போல் மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளிகள் இருக்கும். நீரில் அது மீன்குஞ்சின் கண்ணைப்போல் மின்னும் என்பார்கள். அந்தப் பறவையின் அறிவியல் பெயரில் இருப்பவர் பியேர் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர். 1786க்குப் பிறகு நெடுங்காலம் புதுச்சேரியில் வாழ்ந்தவர். சொன்னராவுக்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே குறுந்தொகைப் புலவர் ஒருவர் (பாட்டு 242) அந்தக் கழுத்தைப் பார்த்துவிட்டார். ஒளிவிடும் புள்ளிகள் கொண்ட கானக்கோழிச் சேவலின் கழுத்தில் மழைத்துளி குளிரச் சொட்டுகிறது அங்கே. அவ்வளவு கூர்மையாகப் பார்த்தவர்கள் இறகைப் பிடுங்காமல் விட்டார்கள் என்பதில் எனக்குச் சிறிது கர்வம் உண்டு. வணிகத்துக்காகப் பிடுங்கித் தீர்த்தபின், 1960களின் இறுதியில் இந்தியா ஏற்றுமதியைத் தடுத்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆகவே யாரும் இதைப் படித்துவிட்டுக் காட்டுக்கோழி தேடிப் போக வேண்டாம். கறிக்கடைச் சேவலின் இறகு தாராளமாகப் போதும்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த அமெரிக்கத் திட்டத்தைப் பற்றிப் படிக்கும்போது என்னை நிறுத்திவைத்தது அதன் கருணை மணம் வீசும் பேச்சன்று. பாடத்தை எப்படி மாற்றுகிறார்கள் என்ற தொழில்நுட்பம்தான். ஒரு கை இல்லாதவர் நரம்பை எப்படி இழுப்பார்? பல்லால் இழுக்கலாம்; கழியை மார்பிலோ இடுப்பிலோ கட்டிய ஒரு பிடியில் செருகிவிட்டு இருக்கும் கையால் இழுக்கலாம்; பொத்தான் அழுத்தினால் தானே சுற்றிக்கொள்ளும் உருளையும் உண்டு. விரல் பிடிப்பு இல்லாதவருக்குக் கழியை முன்கையோடு பட்டையால் கட்டிவிடுவார்கள். ஈ கட்டும்போது கொக்கியைக் கவ்விப் பிடிக்க ஒரு சின்ன வைஸ், நம் பட்டறைகளில் இருப்பதன் குட்டி, மேசையில் பொருத்தியிருக்கும். நூல் சுற்றிய பாபின் தன் எடையாலேயே தொங்கிக்கொண்டு நூலை விறைப்பாக வைத்திருக்கும். கையை எடுத்துவிட்டு இறகை எடுக்கலாம். கடைசி முடிச்சு போட முடியாவிட்டால் ஒரு சொட்டுப் பசை. பார்வை மங்கியவருக்குப் பெரிய கொக்கி, விளக்கோடு கூடிய உருப்பெருக்கி. பார்வையே இல்லாதவருக்கு இறகுக் கிண்ணம் எங்கே, நூல் எங்கே என்று கடிகார முள்ளின் திசையில் வைத்துப் பழக்கலாம்.

இவற்றில் பெரிய கண்டுபிடிப்பு எதுவுமில்லை என்று சொல்லலாம். உண்மைதான். சொல்லிக்கொடுப்பவன் தன் பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்து, எந்தத் துண்டு இன்றியமையாதது, எது வெறும் பழக்கம் என்று கண்டுகொள்கிறான், அவ்வளவே. ஆனால் ஆசிரியத் தொழிலில் இதைவிடக் கடினமான வேலை உண்டா என்று நான் இருபது ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். இரண்டு கண்ணும் இரண்டு கையும் உடைய ஒரு கற்பனை மாணவனை மனத்தில் வைத்துக்கொண்டே நாம் பாடத்திட்டம் எழுதுகிறோம். அவனைப்போல் இல்லாதவன் வந்தால் 'சலுகை' தருகிறோம். தேர்வில் கூடுதல் நேரம், எழுதித்தர ஓர் ஆள். யாப்பிலக்கணத்தை அசையும் தளையும் கரும்பலகையில் கோடிட்டுக் காட்டியே நடத்திவந்த நான், பார்வையற்ற ஒரு மாணவி வந்தபிறகுதான் அது காதுக்கு உரிய பாடம் என்பதை உணர்ந்தேன். மேசையில் தட்டி நடத்திய அந்த ஆண்டில் மற்ற மாணவர்களுக்கும் வெண்பா வந்தது. சலுகை கொடுத்தது யார் யாருக்கு என்று இன்றும் எனக்குக் குழப்பம்.

நம் நாட்டில் முன்னுதாரணங்கள் இல்லாமலில்லை. ஊனமுற்ற வீரர்களுக்குத் தொழில் கற்பிக்க 1917இல் தொடங்கிய குவீன் மேரி பயிற்சி நிலையம் புனேயின் கட்கியில் நடந்துவருகிறது. அதே கட்கியில் 1974இலிருந்து முதுகுத்தண்டு முறிந்த வீரர்களுக்கான இல்லமும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த இந்திய வீரர்களுக்காக டேராடூனில் ஒரு பள்ளி நடந்தது; அதை நடத்தியவர் கிளூத்தா மெக்கன்சி, 1915இல் கலிப்போலியில் தாமே பார்வையை இழந்த நியூசிலாந்துக்காரர். பின்னாளில் இந்திய மொழிகளுக்கு ஒரே பிரெயில் முறை வகுக்கும் வேலையில் அவருக்குப் பங்கு உண்டு. என் மாணவி விரலால் தொட்டுப் படித்த தமிழெழுத்துக்குப் பின்னால் ஒரு போர்க்களத்துக் குருடர் இருக்கிறார் என்பதை எண்ணிப் பார்க்கலாம். 1965 போரில் குண்டடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த முரளிகாந்த் பேட்கர் சிகிச்சையாக நீச்சல் பழகி, 1972இல் ஹைடல்பெர்க்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கம். அவர் ராணுவத்தில் குத்துச்சண்டைக்காரராக இருந்தவர்.

பேட்கரின் கதையைச் சொல்லும்போது நமக்கு ஓர் இடர் வந்துவிடுகிறது. தங்கம் வாங்கினால்தான் கதை. பயிற்சி நிலையங்களில் தொழில் கற்றால் வருமானம், அதனால் பயன். இரண்டுக்கும் நடுவில், சும்மா, ஒன்றுக்கும் உதவாமல், மாலை நேரத்தில் ஏரிக்கரையில் உட்கார்ந்து தூண்டில் போடும் உரிமை ஊனமுற்றவனுக்கு இல்லையா? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பண்பாட்டையும் பொழுதுபோக்கையும் விளையாட்டையும் தனிப்பிரிவுகளாகவே சொல்கிறது. சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்தது நமக்கு இன்னும் உறைக்கவில்லை. கைகால் நன்றாக உள்ளவன் சும்மா உட்கார்ந்தால் ஓய்வு. இல்லாதவன் உட்கார்ந்தால் பாவம், என்ன செய்வான் என்கிறோம்.

எதிர்ப்புகள் எனக்குத் தெரியும். மீனின் வாயில் கொக்கி மாட்டிப் பிறகு நீரில் விட்டுவிடுவது என்ன விளையாட்டு என்று ஒரு நண்பர் கேட்டார். எனக்கும் அது உவப்பானதன்று. பிடித்த மீனைக் குழம்பு வைப்பதில் உள்ள நேர்மை, விடுவதில் இல்லை என்றே நினைக்கிறேன். கடலோரத்தில் பிறந்த எனக்கு மீனைப் பற்றி வேறு அறம் கிடையாது. இன்னொரு எதிர்ப்பு கனமானது: மீன்பிடிப்பதால் மனவடு ஆறிவிடுமா? ஆறாது. தீபாவளிக்குத் தீபாவளி என் மாமன் கொல்லைப்புற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவது இன்றும் மாறவில்லை. தூண்டில் மருந்தாகும் என்று யாராவது விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிட வேண்டும்.

மூன்றாவது எதிர்ப்பை நானே வைக்கிறேன். அமெரிக்காவில் நடந்ததை அப்படியே கொண்டுவந்தால் நாமும் மீன்முட்டையைக் கப்பலில் ஏற்றிவந்தவர்கள் ஆவோம். இங்கே ஜெய்ப்பூர்க் காலை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. மேலைநாட்டுச் செயற்கைக் கால் பூட்சுக்குள் இருப்பதற்காகச் செய்யப்பட்டது. அதை மாட்டிக்கொண்டு குந்தி உட்கார முடியாது, வயலில் இறங்க முடியாது. 1968வாக்கில் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் மருத்துவர் பி.கே. சேத்தியும் ரப்பரில் செய்த கால், வெறுங்காலோடு நடக்கும் நாட்டுக்காகப் பிறந்தது. யாழ்ப்பாணத்தில் கண்ணிவெடிக்குக் காலிழந்தவர்கள் எழுந்து நடந்ததும் அந்தக் காலில்தான். அவர்களில் எத்தனை பேர் என் மாமனின் படை அங்கிருந்த நாள்களில் காலை இழந்தார்கள் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. அதை அவரிடம் கேட்டதில்லை. இந்தக் கட்டுரையை எந்தப் படைக்கும் புகழாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகவே சொல்கிறேன். உடம்புக்கு ஏற்ப மாற்றுவது ஒன்று. மண்ணுக்கு ஏற்ப மாற்றுவது இன்னொன்று. இரண்டும் வேண்டும்.

நம் மண்ணில் என்ன இருக்கிறது? மூங்கிற்கழியின் நுனியில் நரம்பைக் கட்டிய நாட்டுத் தூண்டில் இருக்கிறது. உருளை இல்லை, சுற்ற வேண்டியதில்லை. பிறப்பிலேயே அது ஒற்றைக்கைக் கருவி. ஜப்பானியர்கள் 'தென்காரா' என்ற பெயரில் இதே போன்ற உருளையில்லாத கழியில்தான் ஈத்தூண்டில் போடுகிறார்கள். இரண்டு கையால் ஆள முடியாதவர்களுக்கு வெளிநாடுகளில் இப்போது அதைப் பரிந்துரைக்கிறார்கள். வீராம்பட்டினத்துக் கரையில் வலை பொத்தும் முதியவர்கள் இருக்கிறார்கள்; கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துக்கொண்டு, கையால் முடிச்சுப் போடுகிறவர்கள். பூக்கட்டும் பெண்கள் சிலர் நாரைக் காற்பெருவிரலில் மாட்டிக்கொள்வதையும் பார்த்திருக்கிறோம். மூன்றாவது கை எங்கே கிடைக்கும் என்பது இவர்களுக்கு நூற்றாண்டுகளாகத் தெரியும். முன்னாள் படைவீரர் நலத்துறையோ, ஒரு கல்லூரியின் நாட்டுநலப்பணித் திட்டமோ, இப்படிப்பட்ட ஒரு முதியவரை ஆசிரியராக உட்காரவைத்து, வாரம் ஒரு மாலை, பத்துப் பேருக்கு இதைத் தொடங்கினால் செலவு என்ன ஆகிவிடும்? சுண்ணாம்பாற்றிலோ ஏரிக்கரையிலோ சக்கர நாற்காலி இறங்க ஒரு சரிவுப்பாதை வேண்டும், அதுதான் செலவு. படகுக்குழாமுக்குப் படிக்கட்டு கட்டத் தெரிந்தவர்களுக்குச் சரிவு கட்டத் தெரியாதா? ராணுவத்தாருக்கு மட்டும் என்றும் நான் வரம்பு வைக்கமாட்டேன். பக்கவாதம் வந்த கொத்தனாரும் இயந்திரத்தில் விரல் போன ஆலைத்தொழிலாளியும் அதே கரையில் உட்காரலாம்.

மாமனின் கதைக்கு வருகிறேன். அந்தத் திட்டத்தைப் பற்றி அவரிடம் சொன்னபோது சிரித்தார். தூண்டிலை ஏன் விட்டீர்கள் என்று அன்றுதான், இத்தனை ஆண்டுகளில் முதன்முறையாக, நேராகக் கேட்டேன்.

"புழு கோக்க முடியல மாப்ளே" என்றார்.

அவ்வளவுதான். மண்புழுவைக் கொக்கியில் கோக்க இரண்டு கை வேண்டும். ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இருப்பவனைக் கேட்க வேண்டும். இரண்டு நாள் போனார், மூன்றாம் நாள் போகவில்லை. நாங்கள் அதற்கு மனச்சோர்வு, விரக்தி, வைராக்கியம் என்று என்னென்னவோ பெயர் வைத்திருந்தோம்.

பொய்ப்பூச்சிக்குப் புழு வேண்டாம். ஒருமுறை கட்டினால் பலநாள் வரும். இதைச் சொன்னதும் அவர் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் இரும்புக்கடையில் சின்ன வைஸ் ஒன்றும், தையற்காரரிடம் பாபினும், கறிக்கடையில் சேவல் இறகும் வாங்கிவந்து மேசையில் பரப்பினேன். படித்ததையெல்லாம் விளக்கினேன். அரைமணி நேரம் என் வழியில் முயன்றார். இறகு நழுவிக்கொண்டே இருந்தது. பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். ஒரு மூங்கில் சிம்பைக் கத்தியால் நுனியில் கீறி, கொக்கியின் வளைவை அந்தப் பிளவில் செருகி, மூங்கிலைக் காலடியில் அழுத்திக்கொண்டார். நூலின் ஒரு முனை பெருவிரலில், மறுமுனை கையில். இறகு வாயில்.

"பல்லு எதுக்கு இருக்குது?" என்றார், இறகை எடுத்த பிறகு.

முதல் பூச்சி கட்ட முக்கால் மணி நேரம் ஆயிற்று. பார்க்க ஈயைப்போலவும் இல்லை, எதைப்போலவும் இல்லை. கொக்கியின் உள்ளே எதிர்த்திசையில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறுமுள்ளை அரத்தால் தேய்த்துவிட்டால் மீனை ஒரே கையால் கழற்றலாம் என்று நான் படித்ததைச் சொன்னேன். அதை மட்டும் ஏற்றுக்கொண்டார். வைஸ் இப்போது அத்தையிடம் இருக்கிறது. தேங்காய் உரிக்க அதைப் பயன்படுத்த முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

முதல் இரண்டு மாலைகளிலும் ஒன்றும் படவில்லை. என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார். ஒரு ஆசிரியனால் முடிந்த அளவு இருந்தேன். மூன்றாம் மாலை வெளிச்சம் குறையும் நேரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜிலேபிக் கெண்டை வந்தது. கழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மீனைத் தொடையோடு அழுத்தி, கொக்கியை அவரே கழற்றினார். நான் கை நீட்டியதைக் கவனித்தும் கவனிக்காததுபோல் இருந்தார்.

திரும்பும் வழியில் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: வெள்ளை இறகு இருட்டில் சரிப்படாது, அடுத்த முறை கறுப்புச் சேவலாகப் பார்த்து வாங்கிவர வேண்டுமாம்.